சரிவின் கீழே குடியிருப்போர் கவனத்திற்கு!



"சுகாதாரப் பக்கத்தில் காய்ச்சல், இருமல், இனிப்பு நீர் என்றுதானே எழுதுவீர்கள்? இந்தத் தடவை மலையைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நோய் வந்து ஒரு குடும்பத்தில் ஒருவர் போவது ஒரு விதம். தூங்கிக் கொண்டிருக்கும்போதே ஒரு லயமே மண்ணுக்குள் போவது இன்னொரு விதம். உயிரைக் காப்பதுதான் சுகாதாரம் என்றால், வீட்டுக்குப் பின்னால் நிற்கிற சரிவைப் பற்றித் தெரிந்து கொள்வதும் சுகாதாரமே. அதிலும் பேராக்கில் வாழும் நமக்கு இது கட்டாயப் பாடம். ஒரு பக்கம் தித்திவங்சா மலைத்தொடர், நடுவில் கிந்தா பள்ளத்தாக்கு, அதற்குள்ளே சுண்ணாம்புக் குன்றுகள். மலையை விட்டு நாம் எங்கே போவது?

ஈப்போவில் நடந்தது

குனோங் செரோ என்றால் நம்மில் தெரியாதவர் யார்? தைப்பூசத்துக்குக் காவடி போய்ச் சேருகிற கல்லுமலைக் கோயில் இருக்கும் இடம். அந்தக் குன்றின் அடிவாரத்தில் ஒரு நீள வீட்டில் பல குடும்பங்கள் குடியிருந்தன. 1973ஆம் வருடம் அக்டோபர் 18ஆம் தேதி, ஐப்பசி பிறந்த சமயம், குன்றின் செங்குத்தான முகத்திலிருந்து ஒரு பெரும் பாறைப் பலகை பெயர்ந்து அந்த வீட்டின் மேல் விழுந்தது. ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அவர்கள் வளர்த்த கால்நடைகளும் போயின. அது மண்சரிவு அல்ல, பாறை விழுந்த விபத்து. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது கம்பார் பக்கம் போஸ் டிப்பாங். 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி கனமழையில் மேலே காட்டுக்குள் மண் சரிந்து, மரங்களையும் கற்களையும் வாரிக்கொண்டு ஆற்று வழியே இறங்கி, ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்பை அடித்துப் போனது. 44 பேர் இறந்தார்கள். அவர்களுடைய வீடுகள் சரிவின் மேலே இல்லை. கீழே, ஆற்றோரத்தில் இருந்தன. இதை நன்றாக மனதில் வையுங்கள்: "எங்க வீடு சமதரையிலதான இருக்கு, எங்களுக்கு என்ன பயம்?" என்று சொல்ல முடியாது.

பணக்காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியில் ஒரு கட்டடம் அப்படியே சாய்ந்தது. 48 பேர் மாண்டார்கள். பின்னால் இருந்த சரிவில் தண்ணீர் வடிய ஒழுங்கான வழி இல்லாததும் பெரிய காரணம். சிமெண்டு பலமாக இருந்து என்ன பயன்? காலடி மண் நழுவினால் எல்லாம் ஒன்றுதான்.

நம்மைப் போன்ற தோட்டத்து மக்களுக்கு

இப்போது கடல் தாண்டிப் பார்ப்போம். நம் ரத்தம், நம் பேச்சு, நம்மைப் போலவே லயத்து வாழ்க்கை.

இலங்கையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தேயிலைத் தோட்டம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பல குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. பலருடைய உடல் கூடக் கிடைக்கவில்லை. இதில் நெஞ்சைச் சுடுவது என்னவென்றால், அந்த இடம் ஆபத்தானது, ஜனங்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அந்த நாட்டுக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, குடியேற வீடு வரவில்லை. "போ" என்று சொல்பவர் "எங்கே போவது" என்பதற்குப் பதில் சொல்லாவிட்டால், அந்த எச்சரிக்கை காகிதமாகவே கிடக்கும்.

கேரளத்து மூணாற்றுப் பக்கம் பெட்டிமுடி. அங்கே தேயிலை பறித்த ஜனங்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பத்தே முக்கால் வாக்கில், பல நாள் பெய்த மழையில் வெகு தூரத்தில் மேலே மலை பிளந்து, ஓடை வழியாக இறங்கி நான்கு லயங்களைத் துடைத்துவிட்டது. 70 உயிர்கள் போயின. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் வெளியுலகத்துக்குச் சேதி போய்ச் சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. ஒரு இரவு முழுக்க உதவி இல்லை. இதிலிருந்து ஒரு பாடம்: ஆபத்தை முதலில் பார்ப்பதும் முதலில் உதவுவதும் பக்கத்து வீட்டுக்காரர்தான். பொம்பா வண்டி பிறகுதான் வரும்.

சரிவு ஏன் சரிகிறது?

பெண்களுக்கு இது சுலபமாகப் புரியும். புட்டு மாவைப் பிசையும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் மாவு ஒட்டிக் கையில் பிடித்தால் நிற்கிறது. தண்ணீர் கூடிப் போனால்? கூழாகி ஓடுகிறது. மலை மண்ணும் அப்படித்தான். லேசான ஈரம் மண் துகள்களை இறுக்கிப் பிடிக்கும். மழை விடாமல் பெய்து இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிறைந்துவிட்டால் பிடிப்பு விட்டுப் போகும். அத்துடன் பாரமும் ஏறுகிறது. ஒரு ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 டன்னுக்கு மேல் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். அதில் ஓடி வடிந்தது போக மிச்சம் மண்ணுக்குள்ளே.

நம் மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. வெயிலும் மழையும் பட்டுப் பல்லாயிரம் வருடமாக மேலாக மக்கி, பல அடி ஆழத்துக்குச் செம்மண்ணாகிக் கிடக்கிறது. அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது மரங்களின் வேர். இங்கேதான் பழைய கித்தாத் தோட்டங்களின் கதை வருகிறது.

கித்தா மரம் நட்ட காலத்தில் சரிவைக் குறுக்கே படிப்படியாக வெட்டி, மழைத் தண்ணீர் நேராக ஓடாதபடி செய்தார்கள். மண்ணை மூடிக்கொள்ள அவரை இனக் கொடிகளை வளர்த்தார்கள். வண்டல் பிடிக்கக் குழி வெட்டினார்கள். நம் தாத்தா பாட்டி தலைமுறை இதையெல்லாம் கையால் செய்தது. இன்று அந்தத் தோட்டங்களில் பல வீடமைப்பாகவும் செம்பனைக் காடாகவும் கைவிட்ட நிலமாகவும் மாறிவிட்டன. மரத்தை வெட்டியவுடன் சரிவு விழாது. வெட்டுப்பட்ட வேர் மண்ணுக்குள் மெல்ல மெல்ல அழுகும்; சில வருடம் கழித்துத்தான் அதன் பிடி போகும். "மரத்தை வெட்டி மூணு வருஷமாச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று இருந்துவிடாதீர்கள். ஆபத்துக் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. அடிவாரத்தை வெட்டி ரோடு போடுவது, மேலே மண்ணைக் கொட்டி மேடாக்குவது, பழைய கால்வாயை மூடிவிடுவது, குழாய் உடைந்து ஒழுகுவதைக் கவனியாமல் விடுவது, எல்லாமே சரிவுக்குச் செய்யும் தீங்குதான்.

சுண்ணாம்புக் குன்று வேறு ஜாதி. அங்கே மழைநீர் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. வெடிப்புகள் அகலமாகின்றன, அடிப்பாகம் அரிக்கப்பட்டு மேலே கல் கூரை மாதிரித் துருத்தி நிற்கிறது. ஒரு நாள் கழன்று விழுகிறது. அதற்கு மழை நாள்தான் வேண்டும் என்ற கணக்கு இல்லை. மண் சரிவு பெரும்பாலும் முன்கூட்டிச் சைகை காட்டும்; பாறை பெரும்பாலும் காட்டாது. ஆகவே சுண்ணாம்புக் குன்றின் அடியில் வீட்டை வைத்துக்கொண்டு ஜாக்கிரதையாக இருப்பது என்பது இல்லை. தள்ளிப் போவதுதான் ஜாக்கிரதை. தரையில் பழைய பாறைகள் எதுவரை உருண்டு கிடக்கின்றன என்று பாருங்கள். அதுவரை கல் வந்திருக்கிறது, மறுபடியும் வரும்.

நீங்களே பார்க்கலாம்

இன்ஜினியர் வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

முதலில், சரிவு எவ்வளவு செங்குத்து? பத்தடி நீளக் கம்பு ஒன்றை எடுங்கள். ஒரு முனையைச் சரிவின் மேல் வைத்துக் கம்பைச் சமமாகப் பிடியுங்கள். பாதி தண்ணீர் நிரப்பி மூடிய போத்தலைக் கம்பின் மேல் படுக்க வைத்தால் சமமா இல்லையா என்று தெரிந்துவிடும். மறு முனையிலிருந்து கீழே தரை வரை அளந்து பாருங்கள். நாலே முக்கால் அடி இருந்தால் சரிவு ஏறக்குறைய 25 பாகை. ஏழடி இருந்தால் 35 பாகை. நம் நாட்டில் 25 பாகைக்கு மேல் போனாலே அதிகாரிகள் ஆபத்து அதிகமான வகுப்பில் சேர்க்கிறார்கள். 35க்கு மேல் கடைசி வகுப்பு.

அடுத்து, சரிவின் உச்சியில் பிறை நிலா வடிவில் வெடிப்பு இருக்கிறதா? இருந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி நட்டு, இடைவெளியை அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள். இடைவெளி கூடினால் சரிவு நகர்கிறது. மரங்கள், வேலிக் கம்பங்கள், மின்கம்பங்கள் சாய்ந்திருக்கின்றனவா? மரத்தின் அடி வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் மண் பல வருடமாக மெல்ல நகர்ந்து வந்திருக்கலாம். சுவரில் புது விரிசல், திடீரென்று இறுகிக்கொண்ட கதவு, தரை உப்பிக் கிளம்புவது, தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்பது, இவையெல்லாம் கெட்ட அடையாளம்.

தண்ணீரைக் கவனியுங்கள். இதுவரை காய்ந்திருந்த இடத்தில் ஊற்று கிளம்பினால் சந்தேகப்படுங்கள். தடுப்புச் சுவரில் வைத்திருக்கும் வடிகால் துளைகள் அடைத்துக் கிடந்தால் குச்சி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். குளியலறைத் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் சரிவுக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். குழாய் வைத்துக் கால்வாயில் விடுங்கள். குப்பையையும் மண்ணையும் சரிவின் தலையில் கொட்டாதீர்கள். வீட்டை இரண்டடி பெரிதாக்கலாமே என்று பின்பக்க மண்ணைச் செதுக்காதீர்கள். சரிவின் கால் அதுதான். காலை வெட்டினால் உடம்பு நிற்குமா?

வெட்டிவேர் நடுவது நல்லது. உலகமே இன்று அந்தப் புல்லை நம் தமிழ்ப் பெயரால்தான் அழைக்கிறது. அதன் வேர் மூன்று மீட்டர் வரை கூட நேராக இறங்கும்; மேல் மண் கரையாமல் பிடிக்கும். ஆனால் ஆழத்திலிருந்து நழுவுகிற மலையை எந்தப் புல்லும் நிறுத்தாது. புல் நட்டாச்சு என்று வெடிப்பை மறந்துவிடாதீர்கள்.

மழைக்காலத்தில்

நம் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை அதிகம். அந்த மாதங்களில் நேரான பக்கமுள்ள ஒரு காலி டின்னைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். இலங்கையில் மலைநாட்டு மக்களுக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். நம் மண்ணுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு கணக்கும் இல்லாமல் வானத்தைப் பார்த்துக் கொண்டிருப்பதைவிட மேல்.

மழை நின்றுவிட்டால் பயம் நீங்கிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலை பத்தாங் காலியில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த 31 பேர் மண்சரிவில் மாண்டார்கள். முந்திய நாட்களில் இறங்கிய தண்ணீர் மண்ணுக்குள்ளே இருந்து வேலை செய்தது.

அடைமழை இரவில் சரிவை ஒட்டிய அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள். லயத்துக்கு ஒருவர் முறை வைத்து விழித்திருக்கட்டும். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், மருந்து மாத்திரை, டார்ச் லைட், ஒரு போத்தல் தண்ணீர் எல்லாம் ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும். மரம் முறிகிற சத்தம், கல் உருளுகிற சத்தம், தூரத்தில் லாரி வருவது போன்ற உறுமல், ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது குறைவது, இதில் ஒன்று வந்தாலும் உடனே கிளம்புங்கள். பள்ளத்தை நோக்கி ஓடாதீர்கள். மண் உங்களைவிட வேகமாக வரும். பக்கவாட்டில், ஓடையை விட்டு விலகி, மேட்டுக்கு ஏறுங்கள். தட்டை எடு, சட்டியை எடு, தட்டி எல்லோரையும் எழுப்பு. பக்கத்து அறைகளில் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளிகள் இருந்தால் அவர்களையும் எழுப்புங்கள். அவர்களுக்கு இந்த மலை புதிது.

"பாட்டி வர மாட்டேங்குது, மாட்டை விட்டுட்டு எப்படி வர்றது" என்று சில வீடுகளில் தகராறு வரும். அதை அந்த நேரத்தில் பேசக் கூடாது. இன்றைக்கே பேசி முடிவு செய்ய வேண்டும். பாட்டியை யார் தூக்குவது, குழந்தையை யார் எடுப்பது, மாட்டை எப்போது அவிழ்த்துவிடுவது என்று முன்கூட்டியே ஒருவர் ஒருவருக்கு வேலை பிரித்து வையுங்கள்.

சரிந்த பிறகு

உடனே 999க்கு அழையுங்கள். சத்தம் கேட்டவுடன் எல்லோரும் ஓடிப்போய்த் தோண்டுவது மனித இயல்பு. ஆனால் இரண்டாவது சரிவு உதவப் போனவர்களை வாரிக்கொண்டு போவது உண்டு. ஒருவர் மேலே நின்று சரிவைப் பார்த்துக் குரல் கொடுக்கட்டும். வெளியே எடுத்தவரின் வாயிலும் மூக்கிலும் உள்ள சேற்றை முதலில் எடுங்கள். கை கால் பாரமான பொருளுக்கு அடியில் பல மணி நேரமாக மாட்டிக் கிடப்பவரைச் சட்டென்று இழுக்காதீர்கள். நசுங்கிய தசையில் தேங்கிய நஞ்சு உடம்பில் பரவி உயிருக்கு ஆபத்தாகலாம். பக்கத்தில் இருந்து பேசித் தைரியம் சொல்லுங்கள். மீட்புக்காரரும் மருத்துவரும் வரட்டும்.

அடுத்து வருவது நோய். சேற்றில் வெறுங்காலோடு நடந்தால் எலிக் காய்ச்சல் தொற்றலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை என்று வரும். மண்ணிலும் சேற்றிலும் உள்ள இன்னொரு கிருமி மெலியோய்டோசிஸ் என்ற கொடிய நோயைத் தருகிறது. இனிப்பு நீர் உள்ளவர்களை அது அதிகம் பிடிக்கும். நம்மில் எத்தனை பேருக்கு இனிப்பு நீர்! ஆகவே பூட்ஸ் போடுங்கள், காயத்தைக் கழுவிக் கட்டுங்கள், காய்ச்சல் வந்தால் "சேற்றில் வேலை செய்தேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். மழைச் சத்தம் கேட்டாலே அலறுகிற பிள்ளைகளைத் திட்டாதீர்கள். அதுவும் ஒரு காயம்தான், ஆறக் காலம் வேண்டும்.

யாரிடம் சொல்வது?

தோட்டத்து வீடு என்றால் முதலில் நிர்வாகத்திடம். தொழிலாளிக்குத் தரும் வீடு தகுதியாக இருக்க வேண்டும் என்று 1990ஆம் வருடத்து 446ஆம் சட்டம் சொல்கிறது. தொழிலாளர் இலாகா வந்து பார்க்கலாம். பட்டணத்து ஓரத்தில் இருந்தால் மாநகர் மன்றம் அல்லது மாவட்ட மன்றம், மாவட்ட அலுவலகம். சரிவையும் பாறையையும் ஆராய்வது கனிமவள, புவி அறிவியல் இலாகாவின் வேலை. வாய்ப் பேச்சாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். மலாயில் கடிதம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வெடிப்பின் படமும் நீங்கள் அளந்த கணக்கும் சேர்த்துக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். கிளைச் செயலாளரிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.

தோட்டம் விற்றுப் போய், வேலையும் போய், இன்னும் பழைய லயத்திலேயே இருப்பவர்களின் பயம் நமக்குத் தெரியும். "ஆபத்துன்னு சொன்னா வீட்டை விட்டே கிளப்பிடுவாங்க" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அதனால்தான் தனியாகக் கேட்காமல் சேர்ந்து கேட்க வேண்டும். ஆபத்தைச் சொல்லும் அதே கடிதத்தில், மாற்று வீடு எங்கே, எப்போது என்ற கேள்வியையும் எழுதுங்கள். மீரியபெத்தையில் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்திருந்தால் அத்தனை குடும்பங்களும் இன்று இருந்திருக்கும்.

"நாப்பது வருஷமா இங்கதான இருக்கோம், என்ன ஆயிடுச்சு?" என்பார்கள் சிலர். நாற்பது வருடத்தில் நமக்கு நரை விழுந்ததே, மலைக்கு மட்டும் வயதாகாதா? வருகிற ஞாயிறு அந்தப் பத்தடிக் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.